மூடி போட்டால் மட்டும் மயங்கிய லேப்டாப்

குன்னூரில் மார்க்கெட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில் ஒரு மாடிக் கடையில் ஒன்பது வருடம் லேப்டாப் பழுது பார்த்தேன். போன வருடம் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். முப்பத்திரண்டு வயதில் என்ன ஓய்வு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இப்போது பாலிடெக்னிக் லேபில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே கெட்டுப்போன மெஷின்கள் நாங்களே கெடுத்து வைத்தவை. என்ன கெட்டது என்று முன்பே தெரிந்த வேலையை வேலை என்று எண்ண இன்னும் பழகவில்லை. அதனால் பழையதை விட்டு ஓய்வு பெற்றதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

என் பெஞ்சில் இப்போது உட்காரும் பெண்கள் சென்ற வாரம் போன் செய்தார்கள். ஒரு லேப்டாப், கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார்கள். நான் வழக்கம்போல வரிசை சொல்லத் தொடங்கினேன். சார்ஜர், பேட்டரி, ரேம், சூடு, பவர் பட்டன், இடம் மாறிய ஸ்க்ரூ. ஆறாவதோடு நிறுத்திக்கொண்டேன். என்னை அதிகமாகக் குழப்பிய லேப்டாப்புக்கான காரணம் இந்த வரிசையில் எங்குமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். இது அதுதான்.

படிப்பைப் பற்றி எழுத அதிகமில்லை. டிப்ளமோ, பிறகு கோயம்புத்தூரில் மூன்று மாதப் பயிற்சி. அங்கே கற்றதில் பாதி இந்த மலைக்கு உதவவில்லை. சமவெளியில் லேப்டாப் தூசியாலும் சூட்டாலும் கெடும். இங்கே பனியும் மழையும்தான் முதல் எதிரி. ஜூன் தொடங்கிவிட்டால் கீபோர்டுக்கு அடியில் பூஞ்சை பூக்கும். அதற்காகவே கடையில் ஒரு பல்புப் பெட்டி இருந்தது. மரப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்று எரியும். ஸ்பிரிட்டில் துடைத்த போர்டுகளை அதற்குள் வைத்துக் காய வைப்போம். கையும் அவ்வப்போது உள்ளே போகும். குளிர்காலத்தில் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் எங்கள் பேச்செல்லாம்.

கடைக்காரர் சண்முகண்ணன். அவருடைய தாத்தா காலத்தில் காரமடையிலிருந்து மேலே ஏறி வந்த குடும்பம். அண்ணன் தம்பிகள் மார்க்கெட்டில் டீத்தூள் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் என்று தடம் மாறியவர். உரக்கப் பேசமாட்டார். தவறு நடந்தால் திட்டவும் மாட்டார். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "கடைசியா தொட்டது யாருங்க அம்மணி?" என்று கேட்பார். அந்தப் பன்மை மரியாதையில்தான் நமக்கு வேர்க்கும். கடைக்குத் திரும்பி வந்த எந்த மெஷினும், வேறு காரணம் தெரியும்வரை, நம் கையால் கெட்டது என்பது அவருடைய சட்டம். இன்னொன்றும் உண்டு. சரியாகிவிட்டது, ஆனால் எதனால் என்று சொல்ல முடியவில்லை என்றால், அது சரியாகவில்லை.

கழற்றுவதற்கு அவர் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். ஒரு தெர்மகோல் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்துகொண்டு, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைக்க வேண்டும். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டால் அது போர்டை முட்டும். மூடி முடித்ததும் அட்டை காலியாக இருக்க வேண்டும். அதை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி.

சுகந்தியின் லேப்டாப் அந்த முறைப்படிதான் கழற்றப்பட்டு மாட்டப்பட்டது. கோத்தகிரி வழியில் ஒரு டீ எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண் அவள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை, புதிதாகச் சேர்ந்திருந்தாள். மழையில் கீபோர்டில் சில எழுத்துகள் விழவில்லை, விசிறி இரைந்தது. துடைத்தோம், காய வைத்தோம், கீபோர்டு மாற்றினோம், கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"நீங்க மாட்டிக் கொடுத்ததுலருந்து திடீர் திடீர்னு ஆஃப் ஆகி ஆன் ஆகுதுக்கா. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை."

சண்முகண்ணன் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். கடைசியாகத் தொட்டது நான்தான்.

சுகந்திக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மெஷின் ஒவ்வொரு முறை அணையும்போதும் அவள் பாதியில் வெளியேறியதாக அங்கே பதிவாகிறது. மேலாளர் ஏற்கெனவே எச்சரித்துவிட்டார். இந்த மாதம் தாண்டாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான், அல்லது அம்மா விட்ட கொழுந்துக் கூடையை எடுக்க வேண்டியதுதான் என்றாள். அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அடிமூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூக்கள் எல்லாம் அவையவை இடத்தில். நாங்கள் இறுக்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறுகியிருந்ததாகத் தோன்றியது. ஈரத்தில் லேசாகத் துரு பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூடியை ஓரமாக வைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டேன். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை ஓடியது. அணையவே இல்லை. மறுநாள் மூடிக் கொடுத்தேன். அதற்கும் மறுநாள் அவள் மறுபடி வந்து நின்றாள்.

என் வரிசையை எடுத்தேன்; ஒவ்வொன்றாக மாற்றி, வீட்டில் ஓட்டிப் பார்க்க அவளிடமே கொடுத்தனுப்பினேன். சார்ஜரை மாற்றினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். நல்ல ரேம் போட்டேன். சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்குக்குப் புதிய பேஸ்ட் வைத்தேன். தானாக ரீஸ்டார்ட் ஆகும் அமைப்பை நிறுத்திவைத்துப் பார்த்தேன். மென்பொருள் பிழையென்றால் வரும் நீலத்திரை அவள் வீட்டில் அணைந்தபோதும் வரவில்லை, அதனால் குறை மென்பொருளில் இல்லை. மெஷின் தன்னைப் பற்றி எழுதி வைக்கும் பதிவில், எதிர்பாராமல் நின்றுபோனேன் என்ற ஒரே வரி மட்டும் இருந்தது.

சண்முகண்ணன் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "மயக்கம் போட்டு விழுந்தவனை எழுப்பி, ஏன் விழுந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவான்? விழுந்தேன்னுதான் சொல்லுவான்."

ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் என் வரிசை தீர்ந்துபோனது. அதற்குமுன் எனக்கு அப்படி நடந்ததில்லை. மூடி இல்லாமல் ஓடுகிறது. மூடி போட்டுக் கடை மேசையில் வைத்தாலும் ஓடுகிறது. சுகந்தியின் வீட்டில் மட்டும் அணைகிறது. வீட்டு மின்சாரமா என்று பார்த்தால், பேட்டரியில் ஓடும்போதும் அணைவதாகச் சொன்னாள். உயரமா, குளிரா, அந்த எஸ்டேட்டுக்குள் இறங்கும் மேகமா? இதையெல்லாம் நான் நிஜமாகவே யோசித்தேன் என்று எழுத இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சண்முகண்ணன் சுகந்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டுல எப்படி உட்கார்ந்து வேலை செய்வீங்க?

லைன் வீட்டில் மேசை இல்லை. கட்டிலில் சுவரோடு சாய்ந்து, மடியில் கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப். அதைச் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பி, அதே மாதிரி உட்காரச் சொன்னார். கடையில் கட்டில் இல்லாததால், பார்சல் பெட்டிகளின் மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இடது உள்ளங்கையை ஊன்றி, எழுந்திருக்கப் போனேன். திரை இருண்டது. பிறகு மறுபடி தொடக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது.

ஒரு மெஷின் கெட்டதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் மூடியைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் குச்சியால் போர்டை அங்கங்கே அழுத்தினால் அணையவில்லை. அப்படியானால் குறை போர்டில் இல்லை, மூடியில். மூடியில் என்ன இருக்கிறது? ஒரு கறுப்புப் பிளாஸ்டிக். அதன் உள்பக்கம் ஒட்டிய வெள்ளித்தகடு. பல மாடல்களில் அப்படி வருவது வழக்கம்தான். அலைவரிசைத் தொந்தரவைத் தடுக்கக் கம்பெனியே ஒட்டி அனுப்பும். இதிலும் காற்றுத் துவாரங்களுக்கு நேராக வெட்டு, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி வட்டம், ஓரங்கள் நூல் பிடித்த மாதிரி. இத்தனை நாளும் அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சண்முகண்ணன் பரண்மேல் ஏறி, அதே மாடலின் உடைந்த மூடி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். உள்பக்கம் வெறும் கறுப்பு.

"இதுல வெள்ளி எங்க?"

"இல்லைங்கண்ணா."

"அதுல இருக்குது."

"ஆமாங்கண்ணா."

"முதல் தடவை தொறந்தப்போ இருந்துச்சா அம்மணி?"

அந்த மாதிரி எத்தனையோ மூடிகளைத் திறந்திருக்கிறேன். வெள்ளியும் பார்த்திருக்கிறேன், கறுப்பும் பார்த்திருக்கிறேன். இந்த மூடியை நினைக்க முயன்றால் இரண்டும் மாறி மாறி வந்தன. யாருடைய மூடியையாவது இதற்கு மாற்றி மாட்டிவிட்டேனா? அப்படியென்றால் இதனுடைய மூடி யாரிடம்? அவர் நகத்தால் வெள்ளியின் ஒரு மூலையைத் தூக்கினார். அடியில் பழுப்புக் காகிதம். அதில் கறுப்பு மையில் பாதி எழுத்து. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார்.

டீத்தூள் வாசனை.

"நம்ம அண்ணன் கடைல இந்தச் சாக்குதான் அடுக்கி வச்சிருக்குது. உள்பக்கம் வெள்ளி. அது இருந்தாத்தான் தூள்ல ஈரம் ஏறாது" என்றார்.

மீட்டரை எடுத்து ஒரு முனையை வெள்ளியிலும் இன்னொன்றை ஸ்க்ரூவிலும் வைத்தோம். பீப் என்றது: இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஓடுகிறது. அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. வெள்ளியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அது இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. அந்த முதல் நாட்களில் மெஷின் நன்றாகத்தான் ஓடியது. போர்டின் அடியில் ஈயப் புள்ளிகள் ஊசிபோலத் துருத்திக்கொண்டிருக்கும். மடியில் வைத்து அழுத்த அழுத்த, அவற்றில் ஒன்று பூச்சைக் குத்தி வெள்ளியைத் தொட்டிருக்கிறது. அது ரீசெட் கோட்டின் புள்ளி. வெள்ளி வழியாக அது கிரவுண்டை, அதாவது போர்டின் எர்த் கோட்டைத் தொடும்போதெல்லாம், யாரோ ரீசெட் பட்டனை அமுக்கியதாக மெஷின் எண்ணிக்கொள்ளும். வெள்ளிக்குக் கிரவுண்ட் கிடைத்ததோ ஸ்க்ரூக்களிலிருந்து. ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாக வெட்டியிருந்தால் ஸ்க்ரூவைத் தொட்டே இருக்காது. அவ்வளவு நேர்த்தியாக வெட்டியதுதான் வினை.

சுகந்திக்குப் போன் செய்தேன். வீட்டில் யாராவது திறந்தார்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை, அப்பாவும் நானும் மட்டும்தான், அப்பாவுக்குப் போனில் படம் பார்க்கவே நான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"அப்பாவுக்கு என்ன வேலை?"

"டீ ஃபேக்டரிலக்கா. பேக்கிங் செக்‌ஷன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சண்முகண்ணன் கண்ணை மூடித் திறந்தார். நான் அடுத்ததைச் சொல்வதற்குள் அவளே ஒன்று சொன்னாள். ஆபீஸிலிருந்து நாளை மறுநாள் கடைக்குப் போன் வருமாம். மற்றவர்களுடைய விவரங்கள் இருக்கும் மெஷின் என்பதால், சர்வீஸ் கடையைத் தவிர வேறு யாரும் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் அன்றோடு வேலை முடிந்தது. அணைந்ததற்குக் காரணம் கடை தரப்பில்தான் என்று நாங்கள் சொன்னால் விட்டுவிடுவார்கள். "உள்ளதைத்தானேக்கா சொல்லப்போறீங்க" என்றாள்.

போனை வைத்ததும் நான் அவரைப் பார்த்தேன். அவர் வெள்ளியை முழுதாக உரித்து, கிழியாமல், பெஞ்சின் மேல் விரித்து வைத்தார். மூடியைத் துடைத்தார். இரண்டு நாளும் மெஷினை மடியில் வைத்தும், அழுத்தியும், சால்வைக்குள் பொத்தியும் ஓட்டினோம். அணையவில்லை. போனில் என்ன சொல்வது என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. காரணத்தைச் சொல்லாமல் ஒரு மெஷினையும் அவர் சரியாகிவிட்டது என்று அனுப்பியதில்லை; சொல்லிவிட்டால் இந்தப் பெண்ணின் வேலை போகும். மறைத்தால், கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் தெர்மகோல் அட்டையைக் காலியாகக் காட்டிய என் பேர் போகும். எது சரி என்று எந்த வரிசையிலும் அடுக்க முடியவில்லை.

மெஷினை வாங்கச் சுகந்தி அப்பாவோடு வந்தாள். ராமையா ஒல்லியான மனிதர். ஃபேக்டரி ஸ்வெட்டரின் கையில் டீத்தூள் பொடி. சின்ன வயதில் இலங்கையிலிருந்து பெற்றோரோடு திரும்பி வந்தவர். இன்னமும் லைனை லயம் என்றுதான் சொன்னார். வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. மேலாளர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார்.

சண்முகண்ணன் நின்றுகொண்டே பேசினார். "ஆமாங்க. நம்ம கடைல மாட்டினதுதானுங்க. மூடியில ஒரு தாள் உள்ள நின்னுருச்சு. அது போர்டைத் தொட்டு மெஷின் அணைஞ்சு போச்சுங்க. பொண்ணு மேல ஒண்ணுமில்லைங்க. எடுத்தாச்சு."

யார் வைத்த தாள் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. போனை வைத்ததும் சுகந்தி மூச்சு விட்டாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"உங்க மேல கோவமில்லைக்கா. ஆனா மூடறப்போ ஒரு தடவை பாத்து மூடியிருக்கலாம். எனக்கு வேலையே போயிருக்கும்."

நான் வாயைத் திறந்தேன்.

"அம்மணி, கீழ போயி நாலு டீ சொல்லிட்டு வாங்க" என்றார் சண்முகண்ணன்.

டீ சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தபோது, சுகந்தி மெஷினைத் திறந்து ஆபீஸ் கணக்குக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். சண்முகண்ணன் அவளுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். ராமையா மட்டும் என் பெஞ்சருகே நின்றிருந்தார். விரித்து வைத்திருந்த வெள்ளித்தாளின் ஓரத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"புள்ள அழுதுச்சுங்க, ஈரத்துல மிஷின் கெட்டுப்போச்சுன்னு. லயத்துல செவுரே அழுவுது. தூளு ஒரு வருசம் கிடந்தாலும் இதுக்குள்ள ஈரம் ஏறாது. அதான் புள்ள தூங்குறப்போ வச்சேன்."

நான் தலையாட்டினேன்.

"என்னை யாரும் கேக்கலைங்க."

உண்மைதான். திறந்தது யார் என்று சுகந்தியைத்தான் கேட்டோம். அதே வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்தும் கேட்கவில்லை.

அவர் தாளைப் பார்த்தபடியே கேட்டார். "ஆணி ஓட்டையெல்லாம் சரியா வந்திருந்துச்சுங்களா?"

ஓட்டைகள் சரியாக வந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது என்பதும் தெரியும். மீட்டர் பக்கத்திலேயே இருந்தது. பீப் சத்தத்தையே அவருக்குக் காட்டியிருக்கலாம்.

"ரொம்பச் சரியா வந்திருந்துச்சுங்க. கம்பெனியே வெட்டினதுன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. தாளை நான்காக மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சுகந்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு குடையோடு முன்னால் போனாள். ராமையா நனைந்துகொண்டே பின்னால் போனார். பஸ் ஸ்டாண்ட் இறக்கத்தில் அவர் ஏதோ சொல்ல, அவள் நின்றாள். அவர் ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டு அந்த மடித்த தாளை எடுத்து நீட்டினார். அவள் அதை விரித்துப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தாள். நான் சற்றுப் பின்வாங்கினேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது, தாள் அவள் கையில் இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையை அப்பா பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். குடை இருவருக்கும் போதவில்லை.

அன்று கடை அடைக்கும்முன் சண்முகண்ணனிடம் கேட்டேன், காரணம் சொல்லாத மெஷின் சரியாகாத மெஷின் என்பீர்களே என்று. அவர் பல்புப் பெட்டியை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதன் சூட்டில் கையை வைத்திருந்தார்.

"எனக்குந் தெரியலைங்க அம்மணி" என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.